இன்மைக்கும் ஓர் இடம்: துணைவலைகளும் அபாவம் என்னும் அளவையும்

காணப்படாத ஒரு பொருளை இல்லாத பொருள் என்று கொள்ளலாமா என்பது, இந்தியத் தத்துவ மரபில் மீமாம்சகரும் நையாயிகரும் பௌத்தரும் வேதாந்திகளும் சைவ சித்தாந்திகளும் நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்ட கேள்வியாகும். 'இல்லை' என்பது வெறும் சொல்லா, அறிவா. அறிவு என்றால் எந்தக் கருவியால் பெறப்படும் அறிவு. அது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்றெல்லாம் அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். அந்த ஆராய்ச்சி ஏட்டோடு நின்றுவிட்டதாக இன்று கருதப்படலாம். எனினும் ஓர் அலுவலகத்தின் முதல் மாடியிலுள்ள கணினி, இரண்டாம் மாடியில் தாள் நிரப்பப்பட்டு மற்றவர்களுக்கு அச்சிட்டுக்கொண்டிருக்கும் பிரிண்டரைத் தேடிப் பார்த்துவிட்டு, 'அச்சுப்பொறி எதுவும் இல்லை' என்று திரையில் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வி மீண்டும் எழுகிறது. அந்தக் கூற்று பிழையானது; ஆனால் கணினியில் பழுதில்லை, பிரிண்டரிலும் பழுதில்லை, இரண்டுக்கும் இடையிலுள்ள கம்பியும் அறுபடவில்லை. அறிந்ததற்கு மேல் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லப்பட்டதே பிழை.

இதை விளங்கிக்கொள்ளத் துணைவலை என்பதன் பொருளை முதலில் அறிய வேண்டும். அலுவலகங்களில் சப்நெட் என்று வழங்கும் துணைவலை, ஒரு நிறுவனத்தின் பெரிய வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் முறை. ஜெஃப்ரி மோகுல், ஜான் போஸ்டல் ஆகியோர் 1985 ஆகஸ்டில் எழுதிய ஆர்எஃப்சி 950 என்ற ஆவணம் இதற்கு விதி வகுத்தது. ஆர்எஃப்சி என்பது இணையத்தின் நெறிமுறைகளை வரையறுக்கும் பொது ஆவண வரிசையின் பெயர். ஒரு கணினிக்கு 192.168.10.40 என்ற ஐபி முகவரியும், 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கும் தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முகவரியின் எந்தப் பகுதி தெருவைக் குறிக்கிறது, எந்தப் பகுதி வீட்டைக் குறிக்கிறது என்று பிரித்துக்காட்டும் எண்ணே மாஸ்க். இங்கே முதல் மூன்று எண்கள் தெரு, கடைசி எண் வீடு. 192.168.10.77 என்ற முகவரிக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், தெரு ஒன்றே என்று கணினி கணக்கிட்டு, 'இந்த முகவரி யாருடையது' என்று தன் துணைவலை முழுதும் கேட்கும்படி வினவி, விடை சொன்ன கருவிக்கு நேரே அனுப்புகிறது. 1982இல் வகுக்கப்பட்ட இந்த முறைக்கு ஏஆர்பி என்று பெயர். முகவரி 192.168.20.15 ஆனாலோ தெரு வேறு. ஆகவே கணினி யாரையும் வினவாமல், செய்தியை வாசலில் நிற்கும் ரவுட்டரிடம் ஒப்படைத்துவிடுகிறது. ரவுட்டர் என்பது ஒரு துணைவலையிலிருந்து மற்றொன்றுக்குச் செய்திகளைக் கடத்தும் கருவி.

அருகு, தொலைவு என்னும் இரண்டும் இங்கே அடிக்கணக்கில் அளக்கப்படுவன அல்ல என்பது கவனிக்கத்தக்கது. ஒரே மேசையின் மேல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கணினியும் பிரிண்டரும் வேறு வேறு துணைவலைகளில் இருந்தால் ஒன்றுக்கொன்று அயலார். இரு கட்டடங்களில் இருக்கும் இரண்டு கருவிகள் ஒரே துணைவலையில் இருந்தால் அண்டை வீட்டார். அருகு என்பது ஒரு கணக்கின் முடிவு. ஒவ்வொரு கருவியும் தன்னிடமுள்ள மாஸ்க்கைக் கொண்டு அந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுக்கொள்கிறது.

செய்தி போய்ச் சேர்வது வேறு, ஒரு பொருள் இருக்கிறதென்று அறிவது வேறு. முகவரி தெரிந்த பிரிண்டருக்கு ரவுட்டர் வழியாக அச்சுப்பணியை அனுப்புவதில் தடை ஏதும் இல்லை. ஐபிபி என்ற அச்சு நெறிமுறைக்குரிய 631ஆம் வாயிலோ, செய்தியை அப்படியே ஏற்கும் 9100ஆம் வாயிலோ திறந்திருந்தால் போதும், தாள் வெளியே வந்துவிடும். ஆனால் பயனர் முகவரியைத் தருவதில்லை. 'பிரிண்டரைச் சேர்' என்ற பொத்தானை அழுத்துகிறார், கணினி தானே தேடிக் கண்டுபிடிக்கும் என்று காத்திருக்கிறார். இந்தத் தேடலுக்குப் பெரிதும் பயன்படுவது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் என்ற முறை. ஆப்பிள் நிறுவனம் 2002இல் ரான்தேவூ என்ற பெயரில் வெளியிட்டு, 2005இல் போன்ஜூர் என்று பெயர் மாற்றிய இம்முறை, ஸ்டூவர்ட் செஷயர், மார்க் க்ரோக்மல் ஆகிய இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 6762, 6763 என்னும் ஆவணங்களாக 2013 பிப்ரவரியில் பொதுநெறி ஆயிற்று. மல்டிகாஸ்ட் என்பது ஒரு குழு முழுவதற்கும் ஒரே நேரத்தில் விடுக்கப்படும் அழைப்பு; டிஎன்எஸ் என்பது பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் பெயரமைப்பு. கணினி 224.0.0.251 என்ற குழு முகவரியை நோக்கி, 'ஐபிபி பேசும் அச்சுப்பொறிகள் யார் யார்' என்று கேட்கிறது. கேட்ட பிரிண்டர்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் சொல்கின்றன.

இந்த அழைப்பு ரவுட்டரைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு ஐபி செய்தியோடும் ஓர் ஆயுள் எண் செல்கிறது. ஒரு ரவுட்டரைக் கடக்கும்போதெல்லாம் அதில் ஒன்று குறையும். மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் செய்திகள் இயன்ற மிக உயர்ந்த ஆயுளான 255ஐத் தாங்கிச் செல்கின்றன, ஆனாலும், 224.0.0.0 முதல் 224.0.0.255 வரையிலான முகவரிகளுக்குரிய எதையும், ஆயுள் எவ்வளவு இருந்தாலும் ரவுட்டர் வெளியே விடக்கூடாது என்பது விதியாதலால், அவை பிறந்த துணைவலையிலேயே முடிந்துவிடுகின்றன. இது குறைபாடன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்ட எல்லை. வீட்டிலுள்ள நான்கைந்து கருவிகள் யாருடைய உதவியும் இன்றி ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்காக அமைந்த முறை, ஊர் முழுவதும் கூவினால் வலையமைப்பு இரைச்சலில் மூழ்கிவிடும். ஒன்றை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: போன்ஜூருக்கு முன்னோடியான ஆப்பிள்டாக் முறையில், ரவுட்டர்கள் இத்தகைய வினாக்களை 'மண்டலம்' என்று பெயரிடப்பட்ட பிற பகுதிகளுக்கும் எடுத்துச் சென்றன, பயனர் முதலில் மண்டலத்தைத் தெரிந்தெடுத்து, பின்பு அதிலுள்ள பிரிண்டரைத் தெரிந்தெடுத்தார். எங்கே தேடப்படுகிறது என்பது அன்று திரையிலேயே எழுதப்பட்டிருந்தது.

அந்தத் துணைவலையில் பிரிண்டர் ஏதும் இல்லாதபோது கணினிக்குக் கிடைப்பது மௌனம் மட்டுமே. 'இங்கே பிரிண்டர் இல்லை' என்று பொதுவாக விடை சொல்லும் அதிகாரி எவரும் அந்த முறையில் கிடையாது. ஒரு பெயருக்கு உரிய கருவி, அந்தப் பெயரின் கீழ் இன்ன வகைப் பதிவு தன்னிடம் இல்லை என்று தன்னைப் பற்றி மட்டும் மறுத்துச் சொல்ல ஆர்எஃப்சி 6762 இடம் தருகிறது; பிறரைப் பற்றி மறுத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நெறிமுறையை எழுதியவர்கள் இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்க, அதன்மேல் கட்டப்பட்ட திரையோ மௌனத்தை எடுத்து 'இல்லை' என்று மொழிபெயர்த்துவிடுகிறது. நெறிமுறையைப் பொறுத்தவரை கேள்வி அப்போதும் முடிந்துவிடவில்லை. பட்டியல் திறந்திருக்கும் வரை அது இடைவெளியைக் கூட்டிக்கொண்டே, மணிக்கு ஒரு முறை என்ற அளவு வரை, திரும்பத் திரும்பக் கேட்கப்படலாம்.

மௌனத்திலிருந்து இன்மைக்குச் செல்லும் இந்தப் பாய்ச்சலைத்தான் பழைய அளவையியல் தன் பொருளாகக் கொண்டது. அளவை என்பது பிரமாணம், அதாவது சரியான அறிவைத் தரும் கருவி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என்று பிறர் கொள்ளும் ஆறு அளவைகளையும், அவற்றின் மேலும் சிலர் சேர்க்கும் நான்கையும் எண்ணிக்காட்டி, அனைத்தும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றினுள் அடங்கும் என்று முடிவு செய்கிறது. காண்டல் என்பது புலன்வழி அறிவு. கருதல், புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்ற அனுமானம். உரை, நம்பத்தக்கோர் சொல். அபாவம் என்பதே இங்கு வேண்டப்படுவது: பொருள் காணப்படாமையால் அதன் இன்மையை அறிதல். இதை அனுபலப்தி என்ற பெயரில் தனி அளவையாக நிலைநாட்ட முயன்றவர், 7ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் மீமாம்சகர் குமாரில பட்டர். நையாயிகர் அதை மறுத்து, வெறுந்தரையைக் காணும் கண்ணே அங்கே குடமில்லை என்பதையும் காண்கிறது என்றனர். கண் காண்கிறதா, தனிக்கருவி ஒன்று அறிகிறதா என்ற இந்த வழக்கைக் காட்டிலும், இரு சாராரும் ஒப்புக்கொண்ட நிபந்தனையே பிரிண்டருக்குப் பொருந்துவது.

அந்த நிபந்தனைக்குத் தகுதி என்று பெயர், வடமொழியில் யோக்கியதை. 17ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் தம் வேதாந்த பரிபாஷையில் இதை மிகத் தெளிவாக விளக்குகிறார். 'குடம் இங்கே இருந்திருந்தால் காணப்பட்டிருக்கும்' என்று உறுதியாகச் சொல்ல முடிந்த இடத்தில் மட்டுமே, காணாமை இன்மையை அறிவிக்கும். பட்டப்பகலில், திறந்த தரையில் குடத்தைக் காணவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் காணவில்லை என்றால் அதனால் எதுவும் தெரியவில்லை, அவ்வளவே. ஓர் உயிரிடத்திலுள்ள அறமும் மறமும் காணப்படுவதில்லை. காணத்தக்க இயல்பு அவற்றுக்கு இல்லாமையால், அந்தக் காணாமையைக் கொண்டு அவை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பௌத்த அளவையியலாரான தர்மகீர்த்தி மற்றொரு வழியில் இதே முடிவுக்கு வந்தார். இடத்தாலோ காலத்தாலோ இயல்பாலோ தொலைவுற்ற பொருள்களைப் பொறுத்தவரை காணாமை ஐயத்தை மட்டுமே தரும், இன்மையை நிறுவாது என்பது அவருடைய நியாயபிந்து வகுக்கும் எல்லை. பேயைக் காணவில்லை என்பதால் பேய் இல்லை என்று சொல்ல முடியாது என்பது அவர் மரபு தரும் எடுத்துக்காட்டு.

இந்த அளவுகோலைக் கணினியின் கூற்றின்மேல் வைத்துப் பார்க்கலாம். 192.168.10.0 துணைவலையில் பிரிண்டர் ஒன்று இருந்திருந்தால், அதில் போன்ஜூர் இயங்கியிருந்தால், அது விடை சொல்லியிருக்கும். ஆகவே அந்தத் துணைவலையைப் பற்றிக் கணினி 'இல்லை' என்று சொல்வது ஏறக்குறையத் தகுதியுடைய கூற்று. 192.168.20.15இல் இருக்கும் பிரிண்டரோ, இருந்தாலும் கேட்கப்படாதது. அழைப்பு அதன் காதுக்கே போகவில்லை. தர்மகீர்த்தியின் சொல்லால் கூறுவதானால் அது இடத்தால் தொலைவுற்றது. அதைப் பற்றிக் கணினிக்கு உரிமையானது ஐயம் ஒன்றே. இதைச் சொல்நுட்பம் பற்றிய சிறு வழக்கு என்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் 'இல்லை' என்ற சொல்லை நம்பித்தான் மனிதர்கள் செயல்படுகிறார்கள்: நன்றாக இயங்கும் பிரிண்டரின் மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவுகிறார்கள், கம்பியைப் பிடுங்கிச் செருகுகிறார்கள், நிர்வாகியிடம் கருவி கெட்டுவிட்டதாகப் புகார் சொல்கிறார்கள். ஐயம் என்று சொல்லப்பட்டிருந்தால் அவர்கள் எல்லையைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். இன்மை என்று சொல்லப்பட்டதால் பொருளைச் சந்தேகிக்கிறார்கள்.

உள்ள பொருள் ஏன் காணப்படாமல் போகிறது என்பதற்குச் சாங்கியர் ஒரு பட்டியலே வைத்திருந்தனர். 6ஆம் நூற்றாண்டில் பரமார்த்தர் சீன மொழியில் பெயர்த்த ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை, அதன் ஏழாம் செய்யுளில் எட்டுக் காரணங்களைத் தருகிறது: மிகு தொலைவு, மிகு அருகு, புலன் கெடுதல், மனம் நிலைகொள்ளாமை, பொருளின் நுண்மை, இடையில் மறைப்பு, வலியதால் அடக்கப்படுதல், ஒத்தவற்றோடு கலந்துபோதல். கண்ணிலிட்ட மை கண்ணுக்குத் தெரியாதது இரண்டாவதற்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்று. தொலைவையும் மறைப்பையும் துணைவலையோடு பொருத்துவது எளிது. அருகு என்பது காணாமைக்குக் காரணமாவதை ஒரு வலையமைப்பில் காண முடியுமா என்றால், முடியும். அதுவும் அடிக்கடி நிகழும் ஒரு பிழையின் வடிவில்.

பிரிண்டரின் சிறு திரையில் அம்புக்குறிகளை அழுத்தி அழுத்தி ஒருவர் அதன் ஐபி முகவரியைக் கையால் உள்ளிடுகிறார்; 192.168.20.15 சரியாக அமைகிறது. மாஸ்க்கில் மட்டும் 255.255.255.0 என்பதற்குப் பதிலாக 255.255.0.0 என்று விழுந்துவிடுகிறது. இரண்டாம் மாடியில் எல்லாரும் அச்சிடுகிறார்கள், குறை எதுவும் தெரிவதில்லை. முதல் மாடியிலுள்ள 192.168.10.40 கணினி, முகவரியை அறிந்து, நேரே அதற்கு இணைப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்புகிறது. ரவுட்டர் அதைக் கடத்துகிறது, பிரிண்டர் அதைப் பெறுகிறது, விடை எழுதவும் தொடங்குகிறது. அப்போது தன் மாஸ்க்கைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், முதல் இரண்டு எண்கள் மட்டுமே தெருவாதலால், 192.168.10.40 தன் தெருக்காரர் என்றே அதற்குப் படுகிறது. ஆகவே விடையை ரவுட்டரிடம் தராமல், 192.168.10.40 யார் என்று தன் துணைவலைக்குள்ளேயே ஏஆர்பி வழியே கேட்கிறது. அங்கே அப்படி ஒருவரும் இல்லை. ரவுட்டர் முன்வந்து அந்த முகவரிக்காகப் பதிலாள் போல விடை சொல்லும்படி அமைக்கப்பட்டிருந்தாலன்றி, விடை வெளியே புறப்படுவதே இல்லை. கணினி சிறிது நேரம் காத்திருந்து, பிரிண்டர் இணைப்பில் இல்லை என்று முடிவு செய்கிறது. தொலைவில் உள்ளதை அருகில் உள்ளதாகக் கொண்டதே இங்கே காணாமைக்குக் காரணம். கேள்வி போய்ச் சேர்ந்தது, கேட்கப்பட்டவர் அங்கே இருந்தார், விடையும் எழுதப்பட்டது. அதற்குப் பின்பும் முடிவு 'இல்லை' என்றே வந்தது. காணப்படும் பொருள் தன்னைக் காண்பவரை எங்கே வைத்திருக்கிறது என்பதும் காட்சிக்கு ஒரு நிபந்தனை என்ற எண்ணம் பழைய பட்டியலில் இவ்வாறு இடம்பெறவில்லை. அதைச் சேர்த்துக்கொள்வது தகும் என்றே தோன்றுகிறது.

காண்டல் தவறும் இடத்தில் உரை உதவுகிறது. பிரிண்டரின் பக்கவாட்டில் 192.168.20.15 என்று எழுதி ஒட்டப்பட்ட காகிதத் துண்டு உரை. நிர்வாகி வாய்மொழியாகச் சொல்லும் முகவரியும் உரை. பிரிண்டரே தன் முகவரி, மாஸ்க், வாசல் ரவுட்டர் ஆகியவற்றை ஒரு தாளில் அச்சிட்டுத் தரும் கட்டமைப்புப் பக்கமோ, பொருள் தன்னைப் பற்றித் தானே தரும் சான்று. மேலே சொன்ன மாஸ்க் பிழையைக் கண்டுபிடிப்பதற்கு அந்த ஒற்றைத் தாளைவிட நல்ல வழி இல்லை. உரை எவ்வளவு நம்பத்தக்கது என்பது சொல்பவரைப் பொறுத்தது. பிரிண்டரின் முகவரி தானாக வழங்கப்படுவதாயின் நாளை மாறக்கூடும், காகிதத் துண்டு மாறாது. அப்போது உரை பொய்யாகும். அதனால்தான் பிரிண்டர்களுக்கு நிலையான முகவரி ஒதுக்குவது வழக்கமாயிற்று.

எல்லையை வைத்தவர்களுக்கும் நியாயம் உண்டு. விருந்தினருக்கான வைஃபையில் இருப்பவருக்குக் கணக்குப் பிரிவின் பிரிண்டர் தெரிய வேண்டியதில்லை; மறைத்தல் ஒரு காவல். ஆனால் பல்லாயிரம் மாணவர்கள் வாழும் வளாகங்களில் எல்லை தேவைக்கு மேல் இறுகியது. 2012இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பு நிர்வாகிகள், போன்ஜூர் துணைவலைகளைக் கடந்தும் பயன்படும்படி செய்ய வேண்டும் என்று ஆப்பிளுக்குக் கூட்டாக வேண்டுகோள் விடுத்தனர். இதற்கிடையே லினக்ஸ் உலகில் வழங்கும் அவாஹி போன்ற மென்பொருள்கள், ஒரு துணைவலையில் எழும் அழைப்பை மற்றொன்றில் அப்படியே எதிரொலிக்கும் வசதியைத் தந்தன. சிறிய அலுவலகத்துக்கு அது போதும். எனினும் எதிரொலி எல்லையை மறக்கச் செய்கிறதே அன்றி அதைத் தெரிவிப்பதில்லை. எல்லாத் துணைவலைகளின் பிரிண்டர்களும் ஒரே பட்டியலில் கலந்துவிட, சாங்கியரின் எட்டாம் காரணமான ஒத்தவற்றோடு கலத்தல் வந்து சேர்கிறது.

நியாய மரபில் அபாவத்துக்கு இரண்டு உறுப்புகள் இன்றியமையாதவை. ஒன்று பிரதியோகி, அதாவது எது இல்லையோ அந்தப் பொருள்; மற்றொன்று அதிகரணம், அதாவது எங்கே இல்லையோ அந்த இடம். 'குடம் இல்லை' என்பது முற்றுப்பெறாத கூற்று. 'இந்தத் தரையில் குடம் இல்லை' என்பதே முற்றுப்பெற்றது. திரை சொல்லும் 'அச்சுப்பொறி எதுவும் இல்லை' என்பதில் பிரதியோகி இருக்கிறது, அதிகரணம் இல்லை. ஸ்டூவர்ட் செஷயர் எழுதி 2020 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 8766, கண்டறிதலுக்கான பதிலாள் ஒன்றை வரையறுக்கிறது. ஒவ்வொரு துணைவலைக்கும் டிஎன்எஸ் பெயரமைப்பில் தனிப்பெயர் தரப்படுகிறது. முதல் மாடிக் கணினி இரண்டாம் மாடியின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தத் துணைவலையோடு இணைந்த பதிலாள் அங்கே தானே மல்டிகாஸ்ட் அழைப்பு விடுத்து, கேட்டதைக் கொண்டுவந்து சாதாரண டிஎன்எஸ் விடையாகத் தருகிறது. பதிலாளுக்கு அது காண்டல், கணினிக்கு அது உரை. அது கொண்டுவரும் 'உண்டு' இரண்டாம் மாடியின் பெயரோடு வருகிறது; 'இல்லை'யும் அதே பெயரோடுதான் வருகிறது. மூன்றாம் மாடியில் 192.168.30.0 என்று ஒரு துணைவலை இருந்து, அதற்குப் பதிலாள் எதுவும் அமர்த்தப்படாதிருந்தால், அந்த மாடியைப் பற்றி இந்த விடைகளுள் ஒன்றும் உண்டு என்று சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.